கடிதம் வந்தால் எரியும் விளக்கு

பரமலிங்கத்துக்குக் காது போய்விட்டது என்பதை அவருக்கு அறிவித்தவர்கள் தெருவில் கூடிய சனங்கள்.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஓர் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் அவர் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். சயரோகம் வந்து, ஏறக்குறைய ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஊசிக்கு மேல் ஊசி போட்டு, நெஞ்சு சுகமாகித் திரும்பி வந்திருந்தார். 1955ஆம் ஆண்டு அது. கடையைத் திறந்த முதற் கிழமையே ஒருவர் பெரிய றேடியோப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பரமலிங்கம் அதைப் போட்டுப் பார்த்தார். சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல மெல்லியதாகக் கேட்டது. வால்வு பழுது என்று நினைத்துப் புது வால்வு போட்டார். மாற்றமில்லை. சத்தம் வரும் கூம்பைத் தொட்டுப் பார்த்தார். அது நன்றாகத்தான் அதிர்ந்தது. குமிழை முழுக்கத் திருகினார். இன்னும் போதவில்லை.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பக்கத்துத் தேத்தண்ணிக்கடை நடராசா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே வந்து, தானே குமிழைத் திருகி நிறுத்தினார். அவருடைய வாய் அசைந்தது.

"என்ன நடராசா? வடிவாச் சொல்லு," என்றார் பரமலிங்கம்.

நடராசா திரும்பவும் சொன்னார். பிறகு மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து ஒரு கடதாசித் துண்டில் எழுதினார்: 'சந்தி வரைக்கும் கேக்குது அண்ணை.'

நெஞ்சைக் காப்பாற்றிய ஊசிதான் காதை எடுத்துக்கொண்டது என்று டாக்குத்தர் சொன்னார். சிலருக்கு அப்படி நடக்கும், திரும்பி வராது என்றும் சொன்னார். மாரிக்கு முன்னமே மிச்சமிருந்த மெல்லிய சத்தமும் அடங்கிவிட்டது.

கொஞ்சக் காலம் பரமலிங்கம் விடாமல் முயன்று பார்த்தார். மீற்றரின் ஊசி அசைவதைப் பார்த்து வேலை செய்தார், கூம்பில் விரலை வைத்து வேலை செய்தார். றேடியோ பேசும், ஆனால் கரகரக்கிறதா, தெளிவாக இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. கொண்டுபோனவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. கடையை இன்னொருவரிடம் கொடுத்தார்.

அவருடைய மனைவி நேசமலர் மலைநாட்டில், அற்றன் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை. அவர்கள் பிந்திக் கலியாணம் செய்தவர்கள். பிள்ளைகள் இல்லை. அவர் நோயில் விழுந்த நேரத்தில்தான் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இரண்டு பேரும் இருக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் இடமாற்றம் கேட்டு எழுதினாள். அவர் அங்கே போய் இருக்கலாம் என்றால், அந்தக் குளிரும் ஈரமும் அவருடைய நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்குத்தர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் வீடுகளிலோ அவருக்கென்று ஒரு தனித் தம்ளர் இருந்தது. அதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அதே தம்ளர் திரும்பத் திரும்பத் தன் கைக்கு வருவதை அவரே கண்டுகொண்டார்.

அண்ணன் வீரகத்தி வன்னியில், முள்ளியவளையில் வயல் செய்துகொண்டிருந்தார். ஊருக்கு வெளியே காட்டோரமாக ஒரு தோட்டக்காணியும் அவருக்கு இருந்தது. ஒரு நாள் வந்து, தம்பியின் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாக அசைத்துச் சொன்னார்:

"என்னோடை வா. தோட்டத்தைப் பார். மிளகாய்க் கண்டுக்குக் காது தேவையில்லை."

அண்ணன் நல்ல மனதோடுதான் சொன்னார். அது உண்மையாகவும் இருந்தது. பரமலிங்கம் தன்னிடம் மிஞ்சியிருந்த கம்பிகளும் பழைய றேடியோச் சாமான்களும் அடங்கிய தகரப் பெட்டியையும், மற்றவர்கள் எழுதிக் காட்ட ஒரு சிலேற்றையும் எடுத்துக்கொண்டு வன்னிக்கு வந்தார்.

தோட்டத்துக்குள் தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில். முன்னால் மிளகாய், பக்கத்தில் வாழை, பின்னால் மரவள்ளி, அதற்கப்பால் காடு. துலாக் கிணறு ஒன்று. றோட்டில் இருந்து பார்த்தால் கொட்டில் தெரியாது. பகலில் எப்போதாவது ஒரு மாட்டு வண்டி போகும். யானை வந்துபோனால் மற்றவர்கள் தகரம் தட்டிக் கலைப்பார்கள். பரமலிங்கம் காலையில் எழுந்து முறிந்து கிடக்கும் வாழையைப் பார்த்துத்தான் யானை வந்தது என்று அறிவார். சில நாட்கள் ஒரு சொல்லும் பேசாமல் கழியும். குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு மிளகாய்க் கன்றுகளை வாய்விட்டு எண்ணுவார். தொண்டை அதிர்ந்தால், இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்.

நேசமலரின் கடிதங்கள்தான் அவருக்கு மனிதரின் பேச்சு. அவள் நீளமாக எழுதுவாள். பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகியது, வகுப்பில் ஒரு பெட்டைப்பிள்ளை தமிழ்ப் பாடத்தைப் பாட்டாகப் பாடியது, தன்னோடு தங்கியிருக்கும் இரண்டு ஆசிரியைகளும் உப்புக்காகச் சண்டை பிடித்தது எல்லாம் எழுதுவாள். வாசிக்கும்போது அவர் செவிடர் இல்லை. எல்லாருக்கும் கிடைப்பதுபோல முழுப் பேச்சும் அவருக்குக் கிடைத்தது.

தபால்காரர் யஹ்யா தண்ணீரூற்று என்ற பக்கத்து ஊரில் இருந்து சைக்கிளில் வருபவர். மெலிந்த மனிதர், தொப்பி வெயிலில் நிறம் மங்கியிருக்கும். முதல்முறை றோட்டோர வேலிக் கதவான படலையில் நின்று மணி அடித்தார். பிறகு படலையைத் தட்டினார். கடைசியில் உள்ளே நடந்து போய்க் குனிந்து நின்று கொத்திக்கொண்டிருந்த பரமலிங்கத்தின் தோளைத் தொட்டார். பரமலிங்கம் பதறித் திரும்பினார், கையில் மண்வெட்டி ஓங்கியிருந்தது. யஹ்யா கடிதத்தை நீட்டியபடியே பின்னுக்குப் போனார்.

அதன்பிறகு யஹ்யா கடிதங்களைப் படலைக் கம்புகளுக்கு இடையில் செருகிவிட்டுப் போகத் தொடங்கினார். ஒரு நாள் மாடொன்று அதை இழுத்துத் தின்றுவிட்டது. பரமலிங்கம் போனபோது பாதிக் கடிதம் நிலத்தில் கிடந்தது. 'அதனாலைதான் நான் உங்களுக்கு' என்பதோடு முடிந்திருந்தது. மிச்சம் என்னவென்று கேட்டு எழுதினார். பதில் வர நாளெடுத்தது. நேசமலர் எழுதியிருந்தாள்: 'என்ன எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. கோபமாக எழுதியிருக்க மாட்டேன்.'

அவர் ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்துக் கடிதப் பெட்டி செய்து, தகரத்தால் கூரை போட்டுப் படலைக் கம்பத்தில் அடித்தார். இனி மாடு தின்னாது. ஆனால் கடிதம் வந்ததா இல்லையா என்பது கொட்டிலில் இருந்து தெரியாதே. கொட்டிலுக்கும் படலைக்கும் கூப்பிடு தூரந்தான். கூப்பிட்டால் கேட்காதவருக்கு அது தூரம். தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார், துலாவை விட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பார். வெறும் பெட்டி. திரும்பி வந்து இரண்டு பாத்தி கட்டுவார், இப்போது வந்திருக்குமோ என்று தோன்றும், திரும்பவும் போவார். வெறும் பெட்டியின் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் அண்ணன் வந்து, படலைக்குப் போகும் வழியில் புல் தேய்ந்து தடம் விழுந்திருப்பதைக் குனிந்து பார்த்தார். அண்ணன் பார்த்தது பரமலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் தகரப் பெட்டியைத் திறந்தார். வன்னிக்கு வந்தபிறகு அதை அவர் திறந்ததே இல்லை.

செய்தது பெரிய வேலை ஒன்றுமில்லை. கடிதப் பெட்டிக்குள் சீசோப் பலகை போல ஒரு மெல்லிய பலகைத் துண்டைப் பொருத்தினார். ஒரு பக்கத்தில் கடிதம் விழும், மறுபக்கத்தில் நிறைக்கு ஒரு சிறு கல். கடிதம் விழுந்தால் அந்தப் பக்கம் தாழ்ந்து, அடியில் ஆணி அடித்து வைத்த பித்தளைத் தகடு இன்னொரு தகட்டைத் தொடும். கடிதத்தை எடுக்கும் வரைக்கும் தொட்டபடியே இருக்கும். அந்தத் தொடுகையில் இருந்து கொட்டில் வரைக்கும் இரண்டு கம்பி வேண்டும். பழைய றேடியோக்களில் இருந்து கழற்றிய செப்புக் கம்பியை ஒட்டி ஒட்டிப் பார்த்தார், ஒரு வழிக்குத்தான் காணும். மற்ற வழிக்குக் காணியைச் சுற்றியிருந்த முள்ளுக்கம்பி வேலியையே பாவித்தார். கம்பி கம்பியாகத் துருவைச் சுரண்டி, இணைப்புகளுக்கு ஈயம் வைத்தார். கொட்டிலில் ரோச் லைற்றின் தலையைக் கழற்றி, பல்போடு சிவப்புக் கண்ணாடிக் கடதாசி ஒட்டி, தோட்டத்தைப் பார்த்தபடி, கூரை விளிம்பான இறப்பின் நிழலில் கட்டினார். முதலில் வெளிச்சம் அவிந்துபோகும் நெருப்புக்குச்சி போல மங்கலாக இருந்தது. பற்றரிக்கட்டை இரண்டு கூட்டினார். பிரகாசமாக எரிந்தது.

யஹ்யா அடுத்தமுறை வந்தபோது பரமலிங்கம் படலையிலேயே காத்து நின்றார்.

"தம்பி, கடிதத்தைப் பெட்டிக்குள்ளை போடும். போட்டிட்டு என்னோடை வாரும்."

யஹ்யா போட்டார். கூடவே நடந்தார். வாழைகளைத் தாண்டியதும் இறப்பில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. யஹ்யா நின்று பார்த்தார். சிலேற்றை வாங்கி எழுதினார்: 'நான் போட்டதா எரியுது?'

"ஓம். நீர் போட்டதுதான்."

'பத்திரமா வைச்சிருங்கோ அண்ணை. எங்கடை தபால் கந்தோரிலையும் இப்பிடி ஒண்டு இல்லை.' எழுதிவிட்டுச் சிரித்தார். பரமலிங்கம் பதிலுக்குச் சத்தமாகச் சிரித்தார் போலிருக்கிறது. யஹ்யா திடுக்கிட்டுப் பார்த்தார்.

விளக்கு வந்தபின் படலைக்குப் போகும் தடத்தில் மெல்லப் புல் முளைத்தது. ஆனால் ஒரு விஷயத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. முன்பெல்லாம் பெட்டியைத் திறக்கும் வரைக்கும் கடிதம் இருக்கலாம் என்று ஒரு நினைப்பு இருக்கும். நடக்கும் தூரமெல்லாம் அந்த நினைப்பு கூட வரும். இப்போது குனிந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தால் போதும், இல்லை என்று தெரிந்துவிடும். படலையடியில் வண்டிக்காரர் யாராவது நின்று கையசைத்துவிட்டுப் போவதுண்டு. அவர் படலைக்குப் போகாதபடியால் அதுவும் குறைந்தது. இரண்டு மூன்று தடவை விளக்கு எரிந்து ஓடிப்போய்ப் பார்த்தால் பலகையில் பல்லி ஒன்று இருந்தது. பல்லியைத் துரத்தவும் மனமில்லாமல் கொஞ்ச நேரம் அதோடு நின்றுவிட்டு வந்தார்.

1958இல் நாட்டில் கலவரம் வந்தது. வீரகத்தி வந்து சிலேற்றில் எழுதிக் காட்டினார்: 'தெற்கிலை தமிழரை அடிக்கிறாங்கள். ரெயில் ஓடேல்லை.' மலைப்பக்கம் எப்படி என்று கேட்டார் பரமலிங்கம். அண்ணன் கையை விரித்தார். யஹ்யாவும் பல நாட்கள் வரவில்லை. வந்தபோதும் படலைக்கு வெளியே நின்று இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

விளக்கு எரியவில்லை. முதலில் அவர் கடிதம் வரவில்லை என்று நினைத்தார். பிறகு, வந்திருக்கும், கம்பிதான் எங்கேயோ அறுந்திருக்கும் என்று நினைக்கத் தொடங்கினார். அப்படி நினைப்பது சுகமாக இருந்தது. வேலி நெடுகப் போய் ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தார். ஒரு கடதாசியை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். வாழை தாண்டியதும் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. கம்பியில் பிழை இல்லை. போய்க் கடதாசியை எடுத்தார். அடுத்த நாளும் அதையே செய்தார். அதற்கடுத்த நாளும் செய்தார். தானே போட்ட வெறுங்கடதாசிக்காக எரியும் விளக்கை, எதிரில் வந்து குந்தியிருந்து பார்த்தார். ஒரு பின்னேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நேசமலரின் குரல் எப்படி இருக்கும் என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். முகம் வந்தது. அவள் 'இஞ்சேருங்கோ' என்று கூப்பிடும்போது வாய் குவிவது வந்தது. குரல் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் அடுப்பு மூட்டவில்லை.

ஒரு மத்தியானம் விளக்கு எரிந்தது. இந்த முறை கடதாசி போட்டவர் அவர் இல்லை. பெட்டிக்குள் நாலு கடிதங்கள் ஒன்றாகக் கிடந்தன. யஹ்யா சைக்கிளைப் பிடித்தபடி படலையில் நின்றார், போகவில்லை. பரமலிங்கம் உறையை உடைத்து முதல் வரியைப் பார்த்துவிட்டு, "இருக்கிறா," என்றார். யஹ்யா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

ஆவணி விடுமுறைக்கு நேசமலர் வந்தாள். மாங்குளத்தில் ரெயிலால் இறங்கி, முல்லைத்தீவு பஸ் பிடித்து வந்தாள். முந்திய விடுமுறைகளில் அண்ணன் வீட்டில்தான் தங்குவார்கள். சுற்றிவர ஆட்கள் இருப்பார்கள், கதை எல்லாம் அவர்களுக்குள் ஓடும். இந்த முறை அவள் பெட்டியோடு நேரே கொட்டிலுக்கு வந்துவிட்டாள். விடுமுறை முழுக்க இங்கேதான் என்றாள். மெலிந்திருந்தாள்.

முதல் இரண்டு நாளும் நன்றாக இருந்தது. பிறகு சிலேற்று அலுத்துவிட்டது. கடிதத்தில் பக்கம் பக்கமாகப் பேசும் நேசமலர் சிலேற்றில் 'சோறு ஆறுது' என்று எழுதினாள், 'ஓம்' என்று எழுதினாள், அழித்தாள். ஒரு கதையைச் சொல்லத் தொடங்கி, எழுத இடம் போதாமல், கையை வீசி விட்டுவிடுவாள். அவர் சாப்பிடும்போது முன்னால் இருந்து அவரையே பார்ப்பாள்.

"அங்கை என்ன நடந்தது?" என்று அவர் கேட்டார்.

'ஒண்டுமில்லை' என்று எழுதினாள்.

"நீர் எனக்கு மறைக்கிறீர்."

அவள் பென்சிலை எடுத்தாள், வைத்தாள். எழுந்து குசினிக்குள் அடுப்படிக்குப் போனாள். இரண்டு பேர் இருந்தும் அந்தக் கொட்டில் முன்பைவிட மௌனமாக இருந்ததாக அவருக்குப் பட்டது. கடிதத்தில் வந்த நேசமலரை மலைநாட்டிலேயே விட்டுவிட்டு வேறொருத்தி வந்திருக்கிறாளோ என்றுகூட நினைத்தார். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டார்.

ஒரு நாள் காலையில் மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றபோது, இறப்பில் விளக்கு எரிந்தது. யஹ்யா வரும் நேரம் அதுவல்ல. பல்லியாக இருக்கும் என்று மண்வெட்டியை வைத்துவிட்டு மெதுவாகப் போனார். பெட்டிக்குள் ஓர் உறை. முத்திரை இல்லை. அவருடைய பெயர், நேசமலரின் கையெழுத்து. கொஞ்சம் தள்ளி, பாலை மரத்தடியில், அவள் மறுபக்கம் பார்த்தபடி நின்றாள்.

அவர் படலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையிலேயே வாசித்தார். கலவரத்தின்போது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஒரு கிழமை ஒளித்திருந்ததை அவள் எழுதியிருந்தாள். இலட்சுமி என்ற கொழுந்து பறிக்கும் பெண் தன்னுடைய சேலையை உடுக்கக் கொடுத்து, கூடையை முதுகில் மாட்டி, யார் கேட்டாலும் வாய் திறக்காதே, யாழ்ப்பாணப் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று சொன்னதை எழுதியிருந்தாள். அந்தக் கிழமை முழுக்க வாய் திறக்காமலே இருந்தாளாம். 'அப்போதுதான் உங்களுடைய தோட்டம் எப்படி இருக்கும் என்று எனக்கு விளங்கியது. நான் செத்துப்போனால் உங்களுக்கு யார் சொல்வார்கள் என்று யோசித்தேன். விளக்கு எரியாது. நீங்கள் கம்பி அறுந்துவிட்டது என்று வேலி வேலியாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அதை நினைத்துத்தான் அழுதேன், பயத்தில் இல்லை. இதைச் சிலேற்றில் எழுதி அழிக்க எனக்கு ஏலாது.'

அவர் மடித்து மடியில் செருகினார். அவருடைய குரல் இப்போது எந்த அளவில் வருமென்று அவருக்கே தெரியாது. இப்படிப்பட்ட விஷயத்தை உரக்கச் சொல்லிவிடுவோமோ என்று பயந்தார். கொட்டிலுக்குப் போய், பழைய கொப்பி ஒன்றில் தாள் கிழித்து, மத்தியானம் வரைக்கும் இருந்து எழுதினார். வேலி வேலியாகத் தேடியது உண்மைதான் என்று எழுதினார். குரல் மறந்துபோனதையும் எழுதினார். அதைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் போட்டார். திரும்பி வந்தபோது அவள் கதிரையை இறப்புக்கு நேரே போட்டு, விளக்கைப் பார்த்தபடி இருந்தாள். எழுந்து அவரைத் தாண்டிப் படலைக்கு நடந்தாள்.

மிச்ச விடுமுறையை இரண்டு பேரும் அப்படித்தான் கழித்தார்கள். சோறு, தண்ணீர், மழைக்குச் சிலேற்று, மற்றதற்குப் பெட்டி. ஒரு நாள் யஹ்யா பெட்டியைத் திறந்தபோது உள்ளே கிடந்த உறையைக் கண்டு குழம்பிப்போனார். அதை எடுத்துக்கொண்டு கொட்டில் வரைக்கும் வந்து, நேசமலரைப் பார்த்துச் சொன்னார்:

"அக்கா, இதிலை முத்திரை இல்லை. ஆர் கொண்டுவந்து போட்டதெண்டும் விளங்கேல்லை. நான் கொண்டுவரேல்லை."

"தம்பி, அது நான் போட்டது."

"இவருக்கோ?"

"ஓம். இவருக்குத்தான்."

யஹ்யா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உறையைக் கொண்டுபோய்ப் பழையபடி பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டுப் போனார். இறப்பில் விளக்கு எரிந்தது. நேசமலர் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிச் சிரித்தாள். தோள் குலுங்குவதைப் பரமலிங்கம் கண்டார்.

அவள் திரும்பிப் போனபின் பழைய நாட்கள் பழையபடியே வந்தன. இடமாற்றம் கிடைக்க இன்னும் ஐந்தாறு வருஷம் எடுத்தது. அதற்கிடையில் யானை இரண்டு தடவை வேலியைப் பிரித்தது. அவர் இரண்டு தடவையும் திரும்பக் கட்டினார். 1964இல் நேசமலர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடமொன்றுக்கு மாறி வந்து, அவரோடே இருந்துவிட்டாள். தனிமையில் இருந்து பழகியவருக்கு அதுவும் இலேசாக இருக்கவில்லை. பின்னால் யாராவது நடந்தால் அதிர்ந்து திரும்பும் பழக்கம் போக வெகுகாலம் எடுத்தது. அவளுடைய குரல் கடைசிவரைக்கும் அவருக்கு நினைவில் வரவில்லை. கேட்டால், அது பரவாயில்லை, வயதுபோய் இப்ப எனக்கும் கரகரத்துப் போச்சு என்று எழுதுவாள்.

சிலேற்றை வெளியே கொண்டு திரிவது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய உள்ளங்கையில் விரலால் எழுதப் பழகினாள். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதுவாள். அவர் பாதியிலேயே சொல்லைப் பிடித்துவிடுவார். முல்லைத்தீவுக்குப் பஸ்ஸில் போகும்போது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். அவள் குனிந்து அவருடைய கையில் எழுதிக்கொண்டே இருப்பாள். அவள் என்ன கேட்டாள் என்று ஒருவருக்கும் தெரியாது. அவருடைய பதில் மட்டும் பஸ் முழுக்கக் கேட்கும்.

"ஓம் ஓம். ஆனா அந்த நீலச் சீலை உமக்கு வடிவில்லை."